வானொலியில் லோசேலி சொன்ன தவறான பதில்

எங்கள் தீவு நாட்டின் தலைநகரான நுகுஅலோஃபாவின் வானொலியில் நான் ஒலிபரப்புக் கருவிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தட்டச்சு வேலைக்கு வந்து சேர்ந்தவள் லோசேலி. செய்தியைத் தட்டச்சு செய்துகொண்டே அதில் இருக்கும் ஆண்டுப் பிழைகளையும் திருத்திவிடுவாள். அதைக் கவனித்த மேலாளர், வெளித்தீவுப் பிள்ளைகளின் வரலாற்று வீட்டுப்பாடத்துக்குப் பதில் சொல்லும் அரை மணி நேரத்தை அவளிடம் ஒப்படைத்தார். வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு.

கேள்விகள் படகில் கடிதங்களாக வரும். சீனாவில் அவ்வளவு நீளச் சுவர் எதற்கு, பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் ராஜாவின் தலையை ஏன் வெட்டினார்கள் என்றெல்லாம் கேட்பார்கள். நெப்போலியன் ரக்பி ஆடியிருந்தால் எந்த இடத்தில் நின்றிருப்பார் என்று ஹாபாய் தீவுகளிலிருந்து ஒரு பையன் எழுதியிருந்தான். "எங்க நின்னாலும் பந்தை அடுத்தவனுக்குக் குடுத்திருக்க மாட்டாரு" என்றாள் லோசேலி.

1986ஆம் ஆண்டு, எவுவா தீவிலிருந்து மெலேயானே என்ற மாணவி ஒரு கேள்வி அனுப்பினாள். அடிமைக் கப்பல்கள் நம் கடலுக்கும் வந்தனவா? லோசேலியிடம் இருந்த கலைக்களஞ்சியத்தில் ஆப்பிரிக்கா இருந்தது, அமெரிக்கா இருந்தது. நாங்கள் இல்லை. இங்கே வரவில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த கடிதத்தைப் பிரித்தாள்.

மறுநாள் காலை எவுவாவிலிருந்து தோவகாசே என்ற பெண் படகேறி வந்தாள். பாய் முடைபவள், ஐம்பது வயதிருக்கும். லோசேலி வரும்வரை நிலையத்துப் படியிலேயே உட்கார்ந்திருந்தாள். சத்தம் போடவில்லை.

"கப்பல் வரலைன்னு சொன்னீங்களேம்மா. அப்ப எங்க ஆளுங்க எங்க போனாங்க?"

லோசேலிக்கு ஒன்றும் புரியவில்லை. தோவகாசேதான் சொன்னாள். அவளுடைய முன்னோர்கள் தெற்கே அட்டா தீவில் இருந்தவர்கள். 1863இல் ஒரு கப்பல் வந்தது. பண்டமாற்றுக்கு என்று கூப்பிட்டார்கள். ஏறியவர்களைக் கீழே அடைத்துக்கொண்டு போய்விட்டார்கள். நூற்று நாற்பது பேருக்கு மேல். மிச்சமிருந்தவர்களை ராஜா எவுவாவில் குடியேற்றினார். போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை.

லோசேலி இரண்டு நாள் கல்லூரி நூலகத்தில் தேடினாள். பழைய நூல் ஒன்றில் இரண்டே பத்தி கிடைத்தது. பெருவுக்கு அடிமை வேலைக்கு ஆள்பிடித்த கப்பல்கள் என்று அதில் இருந்தது. மூன்று கடலுக்கு அப்பாலிருந்த ராஜாக்களின் பெயரெல்லாம் தெரிந்தவளுக்கு, படகில் போய்த் தொடும் தூரத்துத் தீவு தெரியவில்லை. அன்று அவள் மதியச் சாப்பாட்டைப் பிரிக்கவே இல்லை.

மேலாளர் இதைப் பெரிதாக்க வேண்டாம், வேறு பதிலோடு சேர்த்துச் சொல்லிவிடலாம் என்றார். லோசேலி கேட்கவில்லை. அடுத்த வியாழன் தோவகாசேயைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு தொடங்கினாள்.

"போன வாரம் நான் சொன்னது தப்பு. எனக்குத் தெரியாதுன்னு சொல்லியிருக்கணும். தெரிஞ்சவங்க வந்திருக்காங்க, கேளுங்க."

தோவகாசே தன் குடும்பத்தில் போன நான்கு பேரின் பெயர்களைச் சொன்னாள். அவர்களில் ஒருத்திக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்ததாம். அதற்குமேல் அவளுக்குப் பேச்சு வரவில்லை. நானும் பாட்டுப் போடாமல் அந்த மௌனத்தை அப்படியே விட்டுவைத்தேன்.

மாத முடிவில் மெலேயானே எழுதினாள். லோசேலியின் தவறான பதிலுக்கு வகுப்பில் முழு மதிப்பெண் கிடைத்ததாம். அடுத்த வார ஒலிபரப்பைக் கேட்ட ஆசிரியர் அதை அடித்துவிட்டு வகுப்பு முழுவதையும் மறுபடி எழுதச் சொல்லிவிட்டாராம். "உங்களாலதான் அக்கா எல்லாரும் என்னைத் திட்டுறாங்க" என்று முடித்து, கீழே எகிப்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்டிருந்தாள்.

அதன்பின் லோசேலி நிகழ்ச்சியில் அடிக்கடி "தெரியலை, கேட்டுச் சொல்றேன்" என்பாள். சந்தையில் பிள்ளைகள் அவளைக் 'கேட்டுச்சொல்றேன் அக்கா' என்றே கூப்பிட்டார்கள். சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பாள். பள்ளி விடுமுறையில் நாங்கள் இருவரும் ஒலிப்பதிவுக் கருவியோடு எவுவாவுக்குப் போனோம். படகில் அவளுக்கு ஒரே வாந்தி. இறங்கி முகம் கழுவியதும் நேராகத் தோவகாசே வீட்டுக்கு நடந்தாள். அங்கே பதினொரு குடும்பத்தார், அந்தக் கப்பலில் போன தங்கள் ஆட்களின் பெயர்களோடு காத்திருந்தார்கள்.