ஏழாம் பாட்டிலில் கடல்

இருபது வருடமாகக் காட்டில் மழைத்தண்ணீர் பிடிப்பதுதான் எங்கள் அத்தையின் உத்தியோகம். மரங்களுக்கு அடியில் பன்னிரண்டு புனல்கள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு பாட்டில். காற்றில் வரும் புகையும் தூசியும் இலைகளில் படிந்து மழையோடு எவ்வளவு இறங்குகிறது என்று ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்ப்பார்கள். கையுறை இல்லாமல் அத்தை எதையும் தொடமாட்டாள். புனலுக்கு மேல் குனிந்து மூச்சுகூட விடமாட்டாள். அந்தப் பழக்கத்தில், வீட்டு அடுப்பில் இருக்கும் சட்டியைக்கூட ஒரு முழம் தள்ளி நின்றுதான் கிளறுவாள்.

போன மாதம் கால் சுளுக்கிக்கொண்டதால், பாட்டில் கூடையைத் தூக்க மாமாவைக் கூட்டிக்கொண்டு போனாள். பத்து நாள் கழித்து ஆய்வுக்கூட அதிகாரி பரபரப்பாகப் போன் செய்தார்.

“ஏழாம் நம்பர் பாட்டில்ல மட்டும் உப்பு எகிறிடுச்சும்மா! கடல்காத்து இவ்வளவு தூரம் வந்திருக்கு. கட்டுரையே எழுத ஆரம்பிச்சுட்டோம்!”

அத்தைக்குச் சுருக்கென்றது. போனைப் பொத்திக்கொண்டு மாமா பக்கம் திரும்பினாள்.

“ஏழாவது புனல்கிட்ட என்ன பண்ணீங்க?”

“ஒண்ணும் பண்ணலையே. மேடு ஏறினதுல வேர்த்துக் கொட்டுச்சு. துடைச்ச துண்டைப் பிழிஞ்சேன். காட்டுல எதையும் கீழ சிந்தக் கூடாதுன்னு நீதானே சொன்னே? அதான் புனல்லயே பிழிஞ்சேன்.”

அத்தை போனைக் காதில் வைத்தாள்.

“கட்டுரையை நிறுத்துங்க சார். நீங்க சொல்ற கடல், எங்க வீட்டு சோபாவுல கால் மேல கால் போட்டு உக்காந்திருக்கு.”