ஏரியில் இறங்கிய பந்தயக் குதிரை

நடந்தவை, வரிசையாக:

1. இரண்டு வயதில் ஓடிய முதல் பந்தயத்திலேயே அந்தப் பெண்குதிரை ஜெயித்தது. அடுத்த வருடம் சென்னையிலும் ஊட்டியிலும் ஓடிய பெரிய பந்தயங்களையெல்லாம் ஜெயித்தது.
2. அதற்கடுத்த சீசனில், கடைசி வளைவில் முன்னங்கால் தடுமாறியது. அப்போதும் இரண்டாவதாக வந்தது. குதிரையின் முதலாளி ஜாக்கியைத் திட்டினார்.
3. நான் ஸ்கேன் எடுத்தேன். குதிரைகளுக்கு ஸ்கேன் எடுப்பது என் வேலை. முழங்காலுக்குக் கீழே தசைநாண் பாதி கிழிந்திருந்தது. ஒரு வருடம் ஓய்வு கொடுத்தால் மறுபடி ஓடும் என்றார் மருத்துவர்.
4. உப்புத் தண்ணீரில் நடக்கவிட்டால் சீக்கிரம் ஆறும் என்று யாரோ முதலாளிக்கு வீடியோ அனுப்பினார்கள்.
5. பழவேற்காட்டில், எங்கள் ஊரை ஒட்டி, அவருக்கு ஒரு பண்ணை வீடு உண்டு. குதிரை லாரியில் வந்து இறங்கியது.

எங்கள் உப்புநீர் ஏரி தன் வீட்டுத் தொட்டி என்று முதலாளி நினைத்திருந்தார். எங்கள் ஊர் மீனவர்கள் அவரைவிட மோசம்.

எங்கள் ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டலாம் என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முடிவு செய்யும். அடுத்தவன் பாட்டில் யாரும் கால் வைக்கக் கூடாது. குதிரைக்கும் அதே சட்டம்தான் என்றார்கள். கரையோரம் கெட்டி மணல் கிடக்கிறது. குதிரையை நடத்த அதுதான் இடம். ஆனால் அங்கே இறால் வராது, அதனால் எங்கள் ஊரில் அதற்கு மரியாதை கிடையாது. ஜெயித்த குதிரையாயிற்றே என்று, இருப்பதிலேயே நல்ல இறால் பாட்டை ஒரு நாளைக்கு ஒதுக்கினார்கள். நல்ல இறால் பாடு என்றால் ஆழச் சேறு.

ஊர்ப் பெரியவர்களில் என் நைனாவும் ஒருவர். கால் புதையும், கிழிந்த கால் தாங்காது என்று அவரிடம் சொன்னேன்.

"ஓரத்துல நிக்க வெச்சா அந்தாளு நம்மள இன்னானு நெனைப்பாரு? நீ போட்டா எடுக்கறவ. ஏரிய எங்கிளுக்கு வுட்டுடு."

முதலாளியிடமும் சொன்னேன். ஊரே மரியாதை செய்யும்போது எப்படி வேண்டாம் என்பது என்று கேட்டார். அதற்குள் சென்னையிலிருந்து புகைப்படக்காரரை வரவழைத்திருந்தார்.

குதிரைக்கு மாலை போட்டார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். குதிரைக்காரர் தயங்கித் தயங்கித்தான் இறக்கினார். சில அடிகளிலேயே முன்னங்கால்கள் முழங்கால் வரை புதைந்தன. அது மிரண்டு, முழுப் பலத்தோடு காலை உருவியது. பந்தயத்தில் ஜெயிக்க வைத்த அதே பலம். கால் வெளியே வந்தது, ஆனால் அதை ஊன்ற முடியவில்லை. குதிரைக்காரர் சேற்றில் உட்கார்ந்து அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். முதலாளி சேற்றில் புதைந்த தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

மறுபடி ஸ்கேன் எடுத்தேன். பாதிக் கிழிசல் முழுக் கிழிசலாகியிருந்தது.

இந்த ஏரியில் உப்பு போதாது என்றார் முதலாளி. அன்றைய பாட்டைக் குதிரைக்கு விட்டுக்கொடுத்த மீனவர், ஒரு நாள் இறால் போயிற்றே என்று புலம்பினார். நைனா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "நல்ல எடமாத்தான குட்த்தோம்."

இப்போதைய நிலை: குதிரை இனி ஓடாது. குட்டி ஈனுவதற்காக ஒரு பண்ணையில் நிற்கிறது. நடக்கும்போது காலை இழுக்கிறது. முதலாளி வேறொரு குதிரை வாங்கிவிட்டார். எங்கள் ஊரில் அந்த இடத்துக்குக் குதிரைப் பாடு என்று பெயர் வைத்திருக்கிறார்கள், பெருமையாக. அங்கே இறால் நன்றாகத்தான் கிடைக்கிறது.