நான் போடாத ‘ர்’

மூன்று வருடங்களுக்கு முன், ஆண்டிபட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் ஒரு டி.டி.பி. கடையில் நடந்தது இது. நான் கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். ஊரார் எழுத்தில் பிழை பார்ப்பதே என் பிழைப்பு என்பதாலோ என்னவோ, என் எழுத்தில் யாராவது கை வைத்தால் சுள்ளென்று கோபம் வரும்.

அப்போது ஒரு கருத்தரங்குக்காக, ஓடைப்பட்டிப் பக்கத்து ஓட்டப்பந்தய வீராங்கனை ஒருவரைப் பற்றிக் கட்டுரை எழுதியிருந்தேன். பதக்கம் வாங்கியபோது அவரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய பத்திரிகைகள், ஊக்கமருந்துப் புகார் வந்ததும் நார் நாராகக் கிழித்தன. புகார் பொய்யென்று ஆனபோது உள்பக்கத்தில் நாலு வரி. இது நியாயமா என்று காரசாரமாகக் கேட்டிருந்தேன். யாரிடமும் பேசாமல் வீட்டோடு கிடந்த அவர், என்னை நம்பி எல்லாவற்றையும் சொன்னார். "எழுதுனதும் எனக்கு ஒரு காப்பி குடுங்க மேடம், படிச்சுப் பாக்கணும்" என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

டைப் செய்த தாள்களைத் திருத்த உட்கார்ந்தால், நான் எழுதாத சொற்கள்! கடையில் டைப் செய்யும் பெண்ணிடம் எரிந்து விழுந்தேன். "எழுதினதை எழுதினபடி அடிக்க மாட்டீங்களா?"

அவர் பயந்துபோய் என் கையெழுத்துத் தாள்களை எடுத்து நீட்டினார். "மொத ரெண்டு பக்கத்துல ‘ஓடினார்’, ‘ஜெயித்தார்’னு எழுதியிருக்கீக மேடம். புகார் வந்த மூணாம் பக்கத்துல இருந்து ‘அழுதாள்’, ‘திரும்பினாள்’னு இருக்கு. அவசரத்துல மாறிப்போச்சு போலன்னு நாந்தேன் ‘ர்’ போட்டு அடிச்சேன்."

அவசரமும் இல்லை, ஒன்றும் இல்லை. புகாருக்குப் பின் ‘ஓடினாள்’, ‘மறைத்தாள்’ என்றே எழுதிய அந்தச் செய்திகளைப் படித்துப் படித்து என் கையும் அப்படியே பழகியிருந்தது. கூனிக் குறுகிப் போனேன். "நீங்க அடிச்சதே இருக்கட்டும்மா" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஓடைப்பட்டிக்குப் போய்ப் பிரதியைக் கொடுத்தேன். வீராங்கனை நின்றபடியே படித்தார். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரியில் விரலை வைத்து, வாய்விட்டு வாசித்தார். "‘தனியாக ஊர் திரும்பினார்’... என்னையவா மேடம்?" கண் கலங்கிவிட்டது. "புகாருக்குப் பெறகு என்னைய யாரும் இப்பிடி மரியாதையா எழுதல. எங்கம்மாட்ட காட்டிட்டு வாரேன்" என்று உள்ளே ஓடினார்.

அந்த ‘ர்’ நான் போட்டதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். உள்ளே அவர் அம்மாவுக்கு வாசித்துக் காட்டும் குரல் கேட்டது. சொல்லவில்லை.

மறுநாள் கடைக்குப் போய், டைப் செய்த பெண்ணிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். "நெசமாவா மேடம்?" என்று அப்படிச் சிரித்தார். முன்பின் தெரியாத ஒருவருக்கு ஓர் எழுத்தளவுகூட மரியாதை குறையக் கூடாது என்று நினைத்த அந்த மனசு எனக்கு இல்லாமல் போயிற்றே என்ற வருத்தம், இன்றும் பேனாவை எடுக்கும்போதெல்லாம் என் கையைப் பிடித்து நிறுத்துகிறது.