பெரியப்பா வீட்டுக் கரண்ட்

பட்டறைக்கு எந்த மெசின் வந்தாலும் நான் பார்க்கும் ஒழுங்கு மாறாது. முதலில் வயர். பிறகு பிளக். பிறகு சுவிச், விரலை எடுத்தவுடன் நிற்கிறதா என்று. அதற்குப் பிறகுதான் மூடியைக் கழற்றுவேன். கொண்டுவருகிறவர்கள் மோட்டரைப் பற்றியே கதைப்பார்கள். சத்தம் மாறிவிட்டது, இழுவை குறைந்துவிட்டது என்பார்கள். மோட்டர் பழுதானால் வேலை நிற்கும், அவ்வளவுதான். ஆளைக் கொல்வது பெரும்பாலும் வயரும் பிளக்கும். தொழில்நுட்பக் கல்லூரியில் இதைத் தொடக்கத்திலேயே சொல்லித்தந்தார்கள். பரீட்சைக்காக மனப்பாடம் செய்தேன்.

புத்தூரில் எங்கள் வீட்டுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் ஒரே கிணறு. காணியைப் பிரித்து உறுதி எழுதியபோது கிணற்றைப் பிரிக்க முடியாததால் அதைப் பங்காக விட்டிருந்தார்கள். ஒருநாள் எங்கள் முறை, மறுநாள் அவர்கள் முறை. தூர் எடுத்தாலும் கட்டுத் திருத்தினாலும் வேலை பாதிப்பாதி. போன போகத்தில் வெங்காயம் நட்ட கையோடு தண்ணீர் கீழே போய்விட்டது. அடியில் இருப்பது சுண்ணக்கல். இன்னும் கொஞ்சம் உடைத்து இறக்கினால் ஊற்றுப் பிடிக்கலாம் என்று பெரியப்பாவும் அப்பாவும் முடிவு செய்தார்கள். பெரியப்பாவின் ஒரே மகன், எனக்கு அண்ணை, கல்லுடைக்கிற பிரேக்கர் ஒன்றை வாடகைக்கு எடுத்துவந்தார். அப்பாவுக்கு முதுகு ஏலாமல் போனதிலிருந்து இரண்டு தோட்டத்து வேலையையும் செய்தவர் அவர்தான். கிணற்றுக்குள் இறங்க வேறு ஆள் இருக்கவில்லை.

அன்றைக்கு எங்கள் முறை. அதனால் கரண்டும் எங்கள் வீட்டிலிருந்து. தண்ணீரை இறைக்கும் பம்மும், கல்லை உடைக்கும் பிரேக்கரும் ஒரே இணைப்பில் ஓடின. அண்ணை கீழே கணுக்கால் தண்ணீரில் நின்று உடைத்தார். கூலிக்கு வந்த ஒருவர் மேலே நின்று கல்லைக் கடகப் பெட்டியில் இழுத்தெடுத்தார். கொஞ்ச நேரத்தில் எங்கள் வீட்டு ட்ரிப் சுவிச் விழுந்தது. பம்மும் நின்றது, தண்ணீர் ஏறியது. நிமிர்த்திவிட்டோம். திரும்பவும் விழுந்தது. உடைக்கும் நேரத்தைவிட இறைக்கும் நேரம் கூடிக்கொண்டு போனது.

“உங்கடை வீட்டுக் கரண்ட் ஏன் சம்பந்தி மாதிரித் தொட்டதுக்கெல்லாம் கோவிக்குது?” என்று பெரியப்பா கேட்டார்.

மெசினை மேலே எடுக்கச் சொன்னேன். இரும்பு உடம்பு கொண்ட பழைய பிரேக்கர். கைபிடிக்குள் வயர் போகும் இடத்தில் வயருக்கு ஒட்டும் கறுப்பு ரேப் சுற்றியிருந்தது. அதை உரித்தேன். உள்ளே கரண்ட் வயரின் உறை வெடித்து, செம்பு தெரிந்தது. வயர் மடங்கும்போதெல்லாம் அது உடம்பில் முட்டுகிறது. கோபம் வீட்டுக்கில்லை, மெசினில் கசிவு இருக்கிறது, அதைக் கண்டுதான் சுவிச் விழுகிறது என்று எல்லோருக்கும் சொன்னேன். தனக்குக் கையில் ஒன்றும் விறைக்கவில்லையே என்றார் அண்ணை. விறைக்க முதல் அது விழுந்துவிடுகிறது, அதனால்தான் நீங்கள் ஏறிவந்து கதைக்கிறீர்கள் என்றேன்.

ரேப்பால் சுற்றிச் சரிக்கட்டும் இடம் அதுவல்ல. றப்பர் உறை போட்ட புது வயர் வேண்டும்; என்னிடம் இருக்கவில்லை. சுன்னாகத்தில் வாங்கலாம். போவதற்கு முன் பிளக்கைக் கழற்றி என் பைக்குள் போட்டேன். பழுதான மெசினை விட்டுப் போகிறவர் அதை யாரும் ஓட்ட முடியாமல் செய்துவிட்டுத்தான் போகவேண்டும். பட்டறையில் அது எழுதாத சட்டம்.

“பிளக்கையும் கொண்டு போறாள். பெட்டகத் திறப்பை இடுப்பிலை செருகின மாமியாரும் இவளிட்டைத் தோத்துப்போவாள்” என்றார் பெரியப்பா.

“விடுங்கோ அப்பா. அவ டெஸ்ரரைக் காதிலை செருகிக்கொண்டுதான் கோயிலுக்கும் போறவ” என்றார் அண்ணை. பிறகு என்னைப் பார்த்து, “கெதியா வா தங்கச்சி” என்றார்.

பிறகு நடந்ததை அப்பாவும் அந்தக் கூலிக்காரரும் சொல்லித்தான் அறிந்தேன். இருவரும் சொன்னதில் வித்தியாசம் இல்லை. பம் ஓடிக்கொண்டிருந்தது, கிணற்றின் அடி கல் தெரிய வற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவர்களால் முடியவில்லை. தன் வீட்டில் ட்ரிப் விழுவதே இல்லை, இரண்டு வீட்டுக் கிணற்றுக்கு இரண்டு வீட்டுக் கரண்டும் உரிமைதானே என்று பெரியப்பா சொல்லியிருக்கிறார். பம் எங்கள் வீட்டில் ஓடட்டும், பிரேக்கர் தங்கள் வீட்டில் ஓடட்டும். ஒன்று விழுந்தாலும் மற்றது நிற்காது. கேட்டால் நியாயமாகத்தான் இருக்கும். வேலியில் இருந்த பொட்டு இடைவெளிக்குள்ளால் அவர்கள் வீட்டு நீட்டு வயரை இழுத்துவந்தார்கள். பிளக் இல்லாததால் மெசின் வயரின் நுனியைக் கத்தியால் சீவி, இரண்டு கம்பியையும் நீட்டு வயரின் பிளக் ஓட்டைகளுக்குள் விட்டு, கழலாமல் இருக்க ஈர்க்கை முறித்துச் செருகினார்கள். மூன்றாவது கம்பியை, ஏர்த் கம்பியை, பின்பக்கம் மடித்துவிட்டார்கள். அது தேவையில்லை, இரண்டு கம்பியே மெசினை ஓட்டும் என்று அண்ணை சொன்னாராம். ஓட்டும்தான்.

அவள் வரட்டுமே என்று அப்பா சொல்லியிருக்கிறார். தமையனுக்கு மேலால் அப்பாவின் குரல் எழும்பி நான் கேட்டதில்லை.

மெசின் நன்றாக ஓடியது. செத்தவீட்டில் வந்தவர்களுக்கெல்லாம் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நல்லாத்தானே ஓடினது, ஒரு தரமும் விழவில்லையே என்று.

ஒழுங்கைக்குள் ஸ்கூட்டரைத் திருப்பியபோதே சத்தம் கேட்டது. முதலில் கோபம்தான் வந்தது. பிறகு சத்தத்தைக் கவனித்தேன். கல்லுடைக்கிறவர் ஒரே மூச்சில் உடைக்கமாட்டார். கொஞ்சம் உடைப்பார், நிறுத்துவார், உளியை இடம் மாற்றி வைப்பார், மூச்சு விடுவார், மறுபடி தொடங்குவார். இந்தச் சத்தத்தில் இடைவெளி இல்லை. கல்லில் ஏறி இறங்கும் மாற்றமும் இல்லை. ஒரே இடத்தில் ஒரே மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. மெசினைக் கையில் பிடித்த ஒருவர் அதை விடமுடியாமல் இருக்கிறார் என்பது எனக்கு அப்போதே தெரிந்தது.

கறுப்பு வயர் வேலிப் பொட்டுக்குள்ளால் போவதைக் கண்டேன். கிணற்றடிக்கு ஓடவில்லை. பெரியப்பா வீட்டு விறாந்தைக்கு ஓடி, சுவரில் இருந்த வயரைப் பிடுங்கினேன். ஏன் ஆளிடம் ஓடாமல் வீட்டுக்கு ஓடினாய் என்று பிறகு இரண்டொருவர் கேட்டார்கள். கரண்ட் நிற்காமல் இறங்கியிருந்தால் நானும் அவரோடு அங்கேயே ஒட்டி நின்றிருப்பேன்.

சத்தம் நின்ற பிறகுதான் கிணற்றடியில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அதுவரை மேலே நின்றவரின் கண்ணுக்கு, குனிந்து நின்று வேலை செய்யும் ஒருவர்தான் தெரிந்திருக்கிறார். மெசின் உடம்பை உலுக்கிக்கொண்டிருந்ததால், அவர் அசைவதாகவே பட்டிருக்கிறது. கயிறு கட்டி ஏற்றினோம். கிணற்றுக்கட்டில் கிடத்தி, அம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சை அமுக்கினேன். கை ஓய்ந்தபோது அந்தக் கூலிக்காரர் அமுக்கினார். வைத்தியசாலையில் அதிக நேரம் எடுக்கவில்லை.

விசாரணைக்கு வந்த அதிகாரி கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். பழுதான வயர், என் பையில் இருந்த பிளக், ஈர்க்கு, மடித்துவிட்ட ஏர்த் கம்பி. அந்த வீட்டில் ஏன் கரண்ட் துண்டிக்கவில்லை என்று கேட்டார். அந்த வீட்டு ட்ரிப் சுவிச் பெட்டியை நான் திறந்து பார்த்ததில்லை என்றேன். அது உண்மைதான்.

செத்தவீட்டில் ஆளுக்கொரு காரணம் இருந்தது. விதி என்றார்கள். ஏழரைச் சனி என்றார்கள். வாடகைக்குக் கொடுத்தவர்கள் பழுது மெசினைத் தந்து கொன்றுவிட்டார்கள் என்றார் பெரியப்பா. அதில் பொய் இல்லை. அவர்கள் அதைத் தந்திருக்கக்கூடாது. ஆனால் நான் என் ஒழுங்கில் வயரிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகக் கடந்து, கடைசியில் அந்தப் பெட்டியில் வந்து நின்றுகொண்டிருந்தேன்.

கீரிமலைக் கடற்கரையில் அந்தியேட்டிக் கிரியை முடிந்தது. மொட்டை அடித்த தலையோடு பெரியப்பாதான் கடலில் இறங்கி மகனின் சாம்பலைக் கரைத்தார். கிணறு அப்படியே கிடந்தது. ஆனாலும் முறை மாறாமல் இறைத்தோம், தோட்டத்தில் வெங்காயம் நின்றதே. பெரியம்மா மட்டும் வீட்டில் எந்தச் சுவிச்சையும் தொடமாட்டேன் என்றுவிட்டார். பொழுது பட்டால் விளக்கைக்கூடப் போடுவதில்லை. ஒருக்கால் போய்ப் பார்த்துவிட்டு வா என்று அப்பா சொன்னார். புது ட்ரிப் சுவிச் ஒன்றை வாங்கிக்கொண்டு ஒரு பின்னேரம் போனேன்.

மீட்டரடியில் மெயினை நிறுத்திவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். பெரியப்பா பின்னால் நின்று ரோச் லைற் பிடித்தார். ட்ரிப் சுவிச் உள்ளேதான் இருந்தது. ஆனால் அதன் மேல் முனைகளையும் கீழ் முனைகளையும் தடித்த இரண்டு வயர்கள், சிவப்பும் கறுப்பும், இணைத்திருந்தன. சுவிச்சை விட்டுவிட்டுக் கரண்ட் அந்த வழியால் போய்க்கொண்டிருந்தது. துப்புரவான வேலை. திருகாணிகள் இறுக்கமாக இருந்தன.

“நான்தான் போட்டனான்” என்றார் பெரியப்பா. “மாரி மழைக்கு விழுந்து விழுந்து பிறிச்சிலை வைச்ச சாப்பாடெல்லாம் பழுதாப்போச்சு.”

நான் வயரைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

“உது சரியா இருந்திருந்தா?”

சொல்வதற்கு வேறு பதில்கள் இருந்தன. மெசின் பழுது, ஏர்த் இல்லை, நிச்சயமாகச் சொல்ல ஏலாது. விசாரணை அதிகாரிக்கு அவை போதும். நான் திருப்புளியைக் கீழே வைத்தேன்.

“விழுந்திருக்கும், பெரியப்பா.”

“அவனுக்கு?”

“ஒரு தட்டுத் தட்டியிருக்கும். அவ்வளவுதான்.”

ரோச் வெளிச்சம் அசையவில்லை. “சரி. புதுசைப் பூட்டு” என்றார்.

புதியதைப் பூட்டினேன். மழைக்கு ஏன் விழுந்தது என்றும் தேடிப் பார்த்தேன். குளியலறைக்கு வெளியே, கூரைத் தண்ணீர் வழியும் சுவரில் ஒரு பல்பு கோள்டர் இருந்தது. அதற்குள் தண்ணீர் இறங்கித் துருப்பிடித்திருந்தது. கழற்றி எறிந்துவிட்டு வேறு பூட்டினேன். அது சின்ன வேலை.

மெயினைப் போட்டுவிட்டு வந்தபோது, இது வேலை செய்கிறதென்று எப்படித் தெரியும் என்று பெரியப்பா கேட்டார். சுவிச்சில் இருந்த சின்னப் பொத்தானைக் காட்டினேன். இடைக்கிடை இதை அமத்திப் பார்க்கவேண்டும், உடனே விழுந்தால் சரி, விழாவிட்டால் மாற்றவேண்டும் என்றேன். அவர் அமத்தினார். டக்கென்று விழுந்தது. நான் போட்டுவைத்திருந்த விளக்குகள் எல்லாம் அணைந்தன.

“கரண்ட் நிண்டிட்டுதோ?” என்று பெரியம்மா குசினிக்குள் இருந்து கேட்டார்.

“இல்லை” என்றார் பெரியப்பா. “நான்தான்.”

சுவிச்சை நிமிர்த்தினார். வெளிச்சம் வந்தது. மறுபடியும் அமத்தினார். நான் சாமான்களைப் பெட்டிக்குள் அடுக்கத் தொடங்கினேன். அவர் நிமிர்த்தி, அமத்தி, நிமிர்த்திக்கொண்டு நின்றார். பெரியம்மா பிறகு கேட்கவில்லை.