வடிந்த கனம்

என் மகள் செல்வியிடம் நோய் முதலில் காட்டிய அடையாளம், அவள் அழகானதுதான்.

கேலிக்குச் சொல்லவில்லை. தட்டம்மை போட்டு எழுந்த பிள்ளைக்குக் கன்னம் உப்பியது. புறங்கால் பூரித்தது. ஆம்பூரில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டுப் பெண்கள் ஆளுக்கு ஆள் தூக்கிக் கொஞ்சினார்கள். என் கணவரின் அக்கா ரோசம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தியா? நான் சொன்ன பத்தியம் எப்டி ஒத்துக்கிச்சின்னு!"

அம்மை இறங்கின பிறகும் பால், முட்டை, பருப்பு எதையும் பிள்ளையின் கண்ணில் காட்டாமல், வெறும் அரிசிக் கஞ்சியே ஊற்றி வந்தோம். எங்கள் பக்கத்து வழக்கம் அது. தாய்ப்பாலையும் அதற்கு முன்பே மறக்கடித்திருந்தேன்.

ஆனால் செல்வி சிரிப்பதை விட்டிருந்தாள். தலைமுடி செம்பட்டையாகி, சீப்பில் கொத்தாக வந்தது. வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். "சமர்த்து" என்றார்கள். எனக்கு எதையும் ஏன் என்று கேட்காமல் இருக்க முடியாது. எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள், பொட்டலம் கட்டி வந்த காகிதத்தையும் விடாமல் படிப்பவள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேலூர் பஸ் ஏறினேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்துக் கிடந்து உள்ளே போனதும், டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பைத் தொடவேயில்லை. செல்வியின் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். விரல் பட்ட இடம் குழியாகவே நின்றது.

"இது சதை இல்லம்மா, தண்ணி" என்றார். எடிமா (உடம்பில் நீர் கோத்து வீங்குவது) என்றும், அதற்குக் காரணம் புரோட்டீன் (உடம்பைக் கட்டும் சத்து) போதாமை என்றும் விளக்கினார்.

"என்ன மருந்து டாக்டர்?"

"பால்தான் மருந்து. உங்க ஊர் கவர்மென்ட் தாய்சேய் விடுதியில பவுடர் பால் குடுக்கறாங்க. தினமும் போங்க. ஒண்ணு ஞாபகம் வெச்சுக்குங்க. முதல்ல குழந்தை இளைக்கும். பார்க்கச் சகிக்காது. அப்ப பயந்து நிறுத்திடாதீங்க."

எல்லாம் புரிந்துவிட்ட உற்சாகத்தில் ஊர் திரும்பினேன். லைனில் ஒவ்வொரு வாசலிலும் நின்று புரோட்டீனைப் பற்றிச் சொன்னேன். ரோசம்மா கேட்டுக்கொண்டே முறத்தைத் தட்டினார்.

"அந்தப் பவுடரு குதிரப் பாலாமே? குடுடியம்மா குடு. பொண்ணு ரேசுக்கு ஓடுவா."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போது எனக்குத் தெம்பு இருந்தது.

விடியற்காலையில், தோல் பதனிடும் டேனரியின் சங்கு ஊதும். என் கணவர் அங்கே வேலைக்குக் கிளம்புவார்; நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு விடுதிக்குக் கிளம்புவேன். கழிவுநீர்க் கால்வாயைத் தாண்டி, தோல் நாற்றத்தைத் தாண்டி, வரிசை. நர்சம்மா அண்டாவில் பவுடரைக் கரைத்து ஊற்றுவார். வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது, அவர் கண்ணெதிரே குடிக்க வேண்டும். வீட்டுக்குப் போனால் அது டீயாகிவிடும் என்று அவருக்குத் தெரியும்.

செல்வி வாயைத் திறக்க மாட்டாள். ஸ்பூன் ஸ்பூனாக ஊற்றுவேன். கக்குவாள். துடைத்துவிட்டு மறுபடி ஊற்றுவேன். இதை எழுத இரண்டு வரி போதும். செய்தபோது அதற்கு முடிவே இல்லை. மறுநாள் சங்கு ஊதும்போது, எழுந்திருக்காமல் இப்படியே செத்துப்போனால் என்ன என்று தோன்றியிருக்கிறது. இதே நிலையில் இருக்கும் தாய்மார்களுக்காகத்தான் மறைக்காமல் எழுதுகிறேன்.

பிறகு டாக்டரம்மா சொன்னது நடந்தது. நீர் வடிந்தது. கன்னம் ஒட்டி, விலா எலும்பு தெரிந்து, பிள்ளை முகம் கிழவி முகமானது. முன்பே சொல்லிவிட்டார்கள்தான். ஆனால் அதை என் இடுப்பு கேட்டிருக்கவில்லையே. நேற்றைவிட இன்று கனம் குறைந்திருப்பதை ஒவ்வொரு நாள் காலையிலும் அது என்னிடம் சொல்லிற்று. நடுத்தெருவில் நின்று, மூச்சு இருக்கிறதா என்று பார்ப்பேன்.

ஒரு நாள் மாலை ரோசம்மா அழுதார். "நல்லா கொழுகொழுன்னு இருந்த கொழந்தய உருக்கிட்டாளே! இன்னா படிப்பு படிச்சாளோ!"

என் கணவர் தேவராஜ் கோபமாகக்கூடப் பேசவில்லை. "நாளைக்கிப் போவாத. அந்தப் பாலு வேணாம். போதும்."

புரோட்டீன், எடிமா என்று மறுபடி ஆரம்பிக்க எனக்குத் தெம்பு இல்லை. சுவரில் சாய்ந்துகொண்டு அவர் கைகளைப் பார்த்தேன். டேனரியில் அவருக்குச் சுண்ணாம்புத் தொட்டி வேலை. தோலின் மயிர் கழல்வதற்காக அதில் ஊறப்போடுவார்கள். விரல் இடுக்கெல்லாம் வெந்திருந்தது.

"ஏங்க, தொட்டியிலேர்ந்து எடுக்கறப்போ தோலு எப்டி இருக்கும்?"

"இன்னா கேள்வி இது? உப்பிகினு இருக்கும்."

"அலசுனா?"

"வத்திடும்."

"வத்திடுச்சேன்னு தூக்கிப் போட்ருவீங்களா?"

அவர் செல்வியைப் பார்த்தார்.

"யாராச்சும் போடுவாங்களா? அதுக்கு அப்புறந்தான வேலையே" என்றார்.

ரோசம்மா மூக்கைச் சிந்திவிட்டு, "புருசனும் பொண்டாட்டியும் புள்ளயத் தோலாக்கிட்டீங்க" என்று எழுந்து போனார். மறுநாள் சங்கு ஊதியதும் தேவராஜ் பிள்ளையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, விடுதி வாசல்வரை வந்து கொடுத்துவிட்டு வேலைக்கு ஓடினார்.

செல்வி தேறினாள். ஒரே நாளில் அல்ல. முதலில் அழத் தொடங்கினாள். அந்தச் சத்தம் எனக்குத் தேவகானமாயிருந்தது. அப்புறம் டம்ளரைத் தானே பிடித்தாள். சதை நிதானமாக ஏறியது; ஏறிய சதை கெட்டியாக இருந்தது. இப்போது வரிசையில் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இடுப்பில் யாரும் இல்லாதபோதும் நான் ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கிறேன். சங்கு ஊதினால் இன்னும் எனக்கு வாயில் பால் வாசனை வருகிறது. முன்பெல்லாம் எதிலும் அவசரப்படுவேன். அழுத்திய இடம் மேலே வரும்வரை காத்திருக்கக் கற்றுக்கொண்டபின் அந்த அவசரம் போய்விட்டது.

போன வாரம் வரிசையில் எனக்குப் பின்னால், புதிதாக வந்த ஒரு பெண் நின்றாள். செல்வியைப் பார்த்து, "உன் பொண்ணு ஒல்லிதான்க்கா. என் பையனப் பாரேன், அம்ம வந்து எழுந்தும் எப்டிக் கீறான்னு!" என்றாள்.

பையன் சிரிக்கவில்லை.

அவனை வாங்கி என் இடுப்பில் வைத்துக்கொண்டேன். கனத்தான். அந்தக் கனம் எனக்குத் தெரியும்.

"வாம்மா" என்று அவளையும் கூட்டிக்கொண்டு, வரிசையை விட்டு நர்சம்மாவிடம் போனேன்.