பேப்பர் விழுந்த நேரம்

பிலிப்-து-ஜிரார் தெருவிலுள்ள தமிழ்க் கடைகளுக்கு இருபத்தொரு வருடமாக மரக்கறி இறக்கும் தவரத்தினத்துக்குத் தன் சரக்கு வானை விட்டால் வேறு உலகம் கிடையாது. பிரெஞ்சும் வானோட்டத்தில் பொறுக்கியதுதான். பாதி விளங்கும், மீதியைத் துணிச்சலால் நிரப்பிக்கொள்வார்.

2014இல் ஒருநாள் வாழைக்காய்ப் பெட்டியோடு மயங்கி விழுந்தார். பசி என்று சமாளித்துப் பார்த்தார், மனைவி அற்புதமலர் விடுவாளா? ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். அங்கே நெஞ்சில் வயர்களை ஒட்டி, இடுப்பில் ஒரு சின்னப் பெட்டியைக் கட்டிவிட்டார்கள். ஒருநாள் முழுக்க அவருடைய இதயத் துடிப்பு அதில் பதியும். ஆபத்தான தாளப்பிசகு இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம் வான் ஓட்ட விடமாட்டார்கள். மனுஷனுக்கு அந்தப் பயம்தான்.

தாதி கடைசியாக, "ஜூர்னாலும் வைத்திருங்கள்" என்றாள். எத்தனை மணிக்கு என்ன செய்தார், உடம்பு எப்படி இருந்தது என்று எழுதும் குறிப்பேட்டைச் சொன்னாள் பாவம். தவரத்தினத்துக்கு ஜூர்னால் என்றால் பேப்பர். மெத்ரோ வாசலில் சும்மா கொடுத்த ஒன்றை வாங்கிக் கையில் பிடித்தவர்தான், சாப்பிடும்போதும் கீழே வைக்கவில்லை.

"என்னப்பா, படுக்கேக்கையுமோ?" என்றாள் அற்புதமலர்.

"மெசினுக்குத் தேவையாம். உமக்கு உது விளங்காது."

மறுநாள் டாக்டர் ஜெர்மேன் திரையைப் பார்த்துப் புருவம் சுருக்கினார். "நேற்று நாலு இருபதுக்கு இதயம் தறிகெட்டு ஓடியிருக்கிறது. மயக்கம் வந்ததா?"

"இல்லை" என்றார் தவரத்தினம், கண்ணும் இமைக்காமல்.

"ஜூர்னால் எங்கே?"

கசங்கிய பேப்பரை நீட்டினார். டாக்டர் விழித்தார். அற்புதமலருக்கு விஷயம் பிடிபட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தவரத்தினமோ பேப்பரைத் தவறவிட்ட களவு பிடிபட்டதாகவே நினைத்துவிட்டார்.

"நாள் முழுக்கப் பிடிச்சுக்கொண்டுதான் இருந்தனான். ஒருக்கால்தான் விழுந்தது. நாலு மணிக்குப் பிறகு, ஸ்டாலின்கிராட் சந்தி சிக்னலிலை, வான் ஓட்டேக்கை."

"ஏன் விழுந்தது?" என்றாள் அற்புதமலர். அவளுடைய சிரிப்பு நின்றுவிட்டது.

"கை சோந்து, கண் இருண்டு..." நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"வானுக்கு முன்னாலை ஆர் நிண்டது?"

"பள்ளிக்கூடப் பிள்ளையள். ரோட்டைக் கடந்துகொண்டு."

சொன்ன பிறகுதான் அது அவருக்கே உறைத்தது. யாரும் கேட்காமலே பையிலிருந்து வான் சாவியை எடுத்து மனைவியின் கையில் வைத்தார்.

டாக்டர் பேப்பரின் ஓரத்தில் 16.20 என்று எழுதி, மடித்து, தவரத்தினத்தின் கோப்பில் செருகினார்.