அண்ணன் மாட்டிய பிரேக் பேடு

எங்கள் அண்ணன் கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில், இம்மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையாகிய நான் எழுதுவது. இப்படிப்பட்ட மலர்களில் இனிமையாக எழுதுவதே வழக்கம். என்னால் முடியவில்லை. சென்ற ஆண்டு கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தபோது என் பின்னால் ஒருவர் இன்னொருவரிடம் கேட்டது என் காதில் விழுந்தது. "இவருதான அந்த பிரேக் கேஸ் மெக்கானிக்கு?" கேட்டவர் வெளியாள் அல்லர். நம் உறவினர். இம்மலர் அவருக்கும் போய்ச் சேரும். அவர் முழுவதும் படிக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

அண்ணன் மதுராந்தகம் ஏரிக்குத் தெற்கே ஒரு சேரியில் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் பிறர் நிலத்தில் நாற்று நட்டு, களை பறித்து எங்களை வளர்த்தார்கள். அண்ணன் எட்டாவதோடு படிப்பை விட்டுச் செங்கல்பட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தார். அவருடைய சம்பளத்தில்தான் நான் ஆசிரியர் பயிற்சி முடித்தேன். பதினெட்டு ஆண்டுகள் அதே ஒர்க்‌ஷாப்பில் இருந்தார். பஸ், லாரி, டாக்சி எதுவானாலும் பிரேக் வேலை என்றால் அண்ணனிடம்தான் வரும். வேலை முடிந்த வண்டியைத் தாமே ஓட்டிப் பார்க்காமல் வெளியே விடமாட்டார்.

எழுபத்திரண்டு, எழுபத்து மூன்று வாக்கில் பட்டணத்திலிருந்து ஒரு பணக்கார வீட்டு இளைஞர் அந்த ஒர்க்‌ஷாப்புக்கு வரத் தொடங்கினார். எல்லாரும் அவரைச் சின்னவர் என்பார்கள். அவரிடம் சிவப்பு நிறத்தில், இரண்டே பேர் உட்காரக்கூடிய, சீமையிலிருந்து வந்த பந்தயக் கார் இருந்தது. பழைய விமான ஓடுதளம் ஒன்றில் நடக்கும் பந்தயங்களில் ஓட்டுவார். மூன்று சுற்று நன்றாகப் போகும். நான்காவது சுற்றில் பிரேக் பிடிக்காது, புகை வரும். அதைச் சரிசெய்யத்தான் அண்ணனிடம் வந்தார். அவருக்கு இங்கே நான் 'ர்' விகுதி போடுவது பள்ளிக்கூடத்துப் பழக்கத்தினால். மரியாதை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அந்தக் காரின் முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக். சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடிக்கும் துண்டுகளுக்குப் பேடு என்று பெயர். சின்னவர் வெளிநாட்டிலிருந்து இரண்டு விதமான பேடுகளை வரவழைத்திருந்தார். எதை மாட்டுவது என்று அண்ணன் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடவில்லை. கோடை விடுமுறையில் மூன்று நாள், திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகும் சாலையில், ஆளில்லாத ஒரு நேர்ப்பகுதியில் ஓட்டிப் பார்த்தார். ஒருநாள் நானும் போனேன். சாலையில் சுண்ணாம்பால் கோடு போட்டு, கார் கோட்டைத் தொடும்போது பிரேக்கை மிதிப்பார். நின்ற இடம்வரை காலடியால் அளந்து நோட்டில் எழுதுவது என் வேலை.

சாதாரணப் பேடு முதல் மிதியிலேயே பிடித்தது, நாற்பது காலடி. ஆனால் விடாமல் பத்துப் பன்னிரண்டு முறை மிதித்தால் சூடேறி, வழுக்கத் தொடங்கியது. பந்தயப் பேடு நேர்மாறு. சூடான பிறகு ஆணி அடித்ததுபோல் நின்றது. குளிர்ந்திருக்கும்போது மிதித்தால் எழுபது காலடியைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. இவை நானே அளந்த அளவுகள். இதைப் படிப்பவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் சின்னவரிடம் சொன்னபோது ஒர்க்‌ஷாப் முதலாளியும் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இத பாருங்க சார். பந்தயத்துக்கு இந்தக் கெட்டிப் பேடுதான். மொத ரவுண்டு மெதுவா போயி, நாலு தபா மிதிச்சி சூடேத்திக்கங்க. ஆனா ரோட்டுக்கு இது ஆவாது. காலைல குளிர்ல எடுத்தீங்கன்னா, நீங்க மிதிச்சிகினே இருப்பீங்க, வண்டி போய்க்கினே இருக்கும். பந்தயம் முடிஞ்சதும் எங்கிட்ட விட்டுடுங்க. அரை அவர் வேலை, அந்த சாதா பேடு மாட்டித் தரேன்."

சின்னவர் தலையாட்டினார். அண்ணன் கெட்டிப் பேடு மாட்டிக் கொடுத்தார்; சின்னவர் அடுத்த பந்தயத்தில் ஜெயித்தார். மறுநாள் கோப்பையோடு ஒர்க்‌ஷாப்புக்கு வந்து எல்லாருக்கும் இனிப்புக் கொடுத்தார். அண்ணன் ஜாக்கியை எடுத்துக்கொண்டு வந்தபோது, "அதான் நல்லா பிடிக்குதே, அப்புறம் பாத்துக்கலாம்பா. மகாபலிபுரத்துல ஃபிரெண்ட்ஸ் வெயிட் பண்றாங்க" என்றார். அண்ணன் வண்டிக்கு முன்னால் நின்று மறித்தார். முதலாளி அண்ணனை ஒதுக்கிவிட்டு, "சார் கையில வெளாடாதடா" என்றார். அப்போது அண்ணன் ஒரு அட்டையைக் கிழித்து, பெயிண்டால் எழுதி, ஸ்டியரிங்கில் கம்பியால் கட்டிவிட்டார். குளிர்ந்த பிரேக் பிடிக்காது, ரோட்டில் வேகமாக ஓட்டக் கூடாது என்பதுதான் அதில் இருந்தது. சின்னவர் சிரித்துக்கொண்டே கிளம்பிப் போனார்.

மறுநாள் காலை, மாமல்லபுரத்தை அடுத்த சவுக்குத் தோப்பு வளைவில், சருகு கூட்டிக் கட்டிக்கொண்டிருந்த ஒரு கூலித் தொழிலாளியின் மேல் அந்தக் கார் ஏறியது. அவர் மூன்றாம் நாள் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் இறந்தார். பிரேக் பிடிக்கவில்லை, மெக்கானிக் தவறான பேடு மாட்டிவிட்டான் என்று சின்னவர் போலீஸில் எழுதிக் கொடுத்தார். முதலாளி, "நான் ஊர்ல இல்ல, அவன் இன்னா மாட்டினான்னே எனக்குத் தெரியாது" என்றார். பதினெட்டு ஆண்டு உழைத்தவனைப் பற்றி, டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்ட மனிதர் சொன்ன வார்த்தை அது.

போலீஸார் அண்ணன் மேல் வழக்குப் போட்டு, கூட்டிப்போய் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். திரும்பி வந்தபோது வலது காது கேட்கவில்லை. அது கடைசிவரை கேட்கவில்லை.

உறவினர்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஆறுதல் சொல்ல அல்ல. "ஒத்துக்கினு போயேன், பெரிய எடத்துப் பகை நமக்கெதுக்கு?" என்றார் பெரியவர் ஒருவர். அண்ணியின் தங்கைக்குப் பேசி முடித்திருந்த திருமணத்தை மாப்பிள்ளை வீட்டார் நிறுத்தினார்கள். இவற்றையெல்லாம் எழுதிவிட்டு என்னை மட்டும் விட்டுவிட்டால் நான் பொய்க்காரி. ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே நான் கேட்டேன்: "ஏண்ணா, ஒருவேளை நீங்களே மாத்தி மாட்டிட்டீங்களா?" சாலையில் நடந்து அளந்த நான் கேட்டேன். அண்ணன் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். மற்றவர்கள் மேல் இருக்கும் கோபம் சில நாள் தணிகிறது. என் மேல் இருப்பது தணிவதே இல்லை.

அண்ணன் இறந்தவரின் வீட்டுக்குப் போக வேண்டும் என்றார். எங்கள் வக்கீல் வேண்டாம் என்றார். அண்ணன் கேட்கவில்லை, துணைக்கு நான் போனேன். தோப்புக்குள் ஒரு ஓலை வீடு. இறந்தவரின் மனைவி வெளியே வந்து அண்ணனை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதானா அந்த மெக்கானிக்கு?"

"ஆமாம்மா. உங்ககிட்ட வந்து..."

அந்த அம்மாள் உள்ளே போய், தண்ணீர்ப் பானையின் மேல் மூடியிருந்த ஒரு அட்டையை எடுத்துவந்தார். ஓரத்தில் கம்பி தொங்கியது.

"எங்க வூட்டுக்காரரு ரத்தத்துல கெடக்கறாரு. அந்தாளு எறங்கி வந்து அவரத் தூக்கல. வண்டிக்குள்ள கைய வுட்டு இத்தப் பிச்சி தோப்புல வீசினான். அவசரமா வீசினானே, இன்னாவோ கீதுன்னுதான் எடுத்தாந்து வச்சேன். எனக்குப் படிக்கத் தெரியாது. இன்னா எழுதிக்கீது இதுல?"

நான்தான் படித்துக் காட்டினேன். அந்த அம்மாள் இன்னொரு முறை படிக்கச் சொன்னார். பிறகு மிக மெதுவாகக் கேட்டார்: "அப்போ தெரிஞ்சேதான் ஓட்னானா?"

அண்ணன் அங்கேயே மணலில் உட்கார்ந்து அழுதார். அப்பா இறந்தபோதுகூட அவர் அழுது நான் பார்த்ததில்லை.

வழக்கு இரண்டு ஆண்டுகள் இழுத்தது. அந்த அம்மாள் ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தார். நம் உறவினரில் ஒருவரையும் நான் அந்தக் கோர்ட் வராந்தாவில் பார்க்கவில்லை. சின்னவர் தரப்பு வக்கீல், "உனக்குத்தான் படிக்கத் தெரியாதே, இது அந்த அட்டைதான் என்று எப்படிச் சொல்கிறாய்?" என்று மடக்கினார். "படிக்கத் தெரியாது சாமி. பாக்கத் தெரியும்" என்றார் அந்த அம்மாள். அண்ணன் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தது. சின்னவர் அபராதம் கட்டிவிட்டு வெளிநாடு போய்ச் சேர்ந்தார். ஓர் உயிருக்கு அவ்வளவுதான்.

தீர்ப்பு வந்தும் 'பிரேக் கேஸ் மெக்கானிக்' என்ற பட்டப்பெயர் போகவில்லை. எந்த ஒர்க்‌ஷாப்பும் அண்ணனைச் சேர்க்கவில்லை. ரயில்வே கேட் பக்கம் ஒரு கொட்டகை போட்டார். முதல் ஆண்டு சைக்கிளும் மாட்டுவண்டி இருசும்தான் வந்தன. பிறகு திருப்போரூர், சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்து டிரைவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். அவர்களிடம் அண்ணன் வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. வண்டியை ஓட்டிப் பார்த்து, சாவியைக் கையில் கொடுப்பார். சென்ற ஆண்டு ஒரு நண்பகலில், வேனுக்கு அடியில் படுத்து வேலை செய்தபோது மார்பு வலி வந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் போய்விட்டார். நாற்பத்து மூன்று வயது. அண்ணியையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் விட்டுச் சென்றார்.

சென்ற மாதம் பழைய ஒர்க்‌ஷாப் முதலாளி வீட்டுக்கு வந்தார். இம்மலரைச் சின்னவர் குடும்பத்தாரே நல்ல தாளில் அச்சடித்துத் தருவார்களாம். பழைய சங்கதி எதுவும் எழுத வேண்டாமாம். அண்ணி எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட்டார். முதலாளியும் கிளம்பிப் போனார். தாள் மட்டமாக இருக்கிறதே என்று யாரும் குறைப்பட வேண்டாம்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் சிலர். வாங்க வேண்டிய ஃபீஸை வாங்காமல் வாதாடிய வக்கீல் ஐயா. கொட்டகைக்கு முதன்முதலில் வண்டியை விட்ட டிரைவர்கள். அடக்க ஆராதனை நடத்திய போதகர் ஐயா. இன்னும் ஒருவர். அவர் பெயரை அச்சிடலாமா என்று கேட்க, போன வாரம் தோப்புக்குப் போயிருந்தேன்.

"பேரு போட்டா பேஜாரு எதுனா வருமா?" என்று கேட்டார்.

"வந்தாலும் வரும்மா" என்றேன்.

கொஞ்ச நேரம் சருகைக் கூட்டிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "வரட்டும். போடு. பெருசா போடு."

மாமல்லபுரம் சவுக்குத் தோப்பில் வாழும் திருமதி காசியம்மாள் அவர்களுக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி.